உங்கள் மொழி எது? – வாசகர் கேள்வி பதில்

ரொறன்ரோவில் பல மொழிகளுக்கு நடுவே வாழும்போது எழும் சிக்கல்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

ரொறன்ரோவில் இத்தனை மொழிகள் பேசப்படுகின்றன என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். எது சரி? குடிசனக் கணக்கெடுப்பில் எங்கள் பிள்ளையின் தாய்மொழி என்று எதை எழுத வேண்டும்?
– வாசகர், மார்க்கம்

எந்த எல்லைக்குள் எண்ணுகிறார்கள், எதை எண்ணுகிறார்கள் என்ற இரண்டையும் முதலில் கேளுங்கள். ரொறன்ரோ மாநகரம் என்பது வேறு, ரொறன்ரோ பெருநகரப் பகுதி என்பது வேறு. 2021 கணக்கெடுப்பில் மாநகரத்தின் சனத்தொகை 2,794,356; பெருநகரப் பகுதியின் சனத்தொகை 6,202,225. மார்க்கம், பிராம்ப்டன், மிசிசாகா, ஏஜக்ஸ் எல்லாம் இரண்டாவது எண்ணுக்குள் மட்டுமே வரும். மாநகரத்தில் தமிழ் பேசுவோர் இத்தனை பேர் என்று ஒரு பத்திரிகை எழுதினால் அதில் உங்கள் வீடு இல்லை. விற்பி, ஒஷாவா குடும்பங்கள் ஒஷாவாப் பெருநகரப் பகுதிக்குள் போவதால் அந்தப் பெரிய எண்ணிலும் அவர்கள் வரமாட்டார்கள். பெருநகரப் பகுதியில் 46.6 வீதமானோர் குடிவந்தவர்கள் என்பதால், இந்த எல்லைக் குழப்பம் மொழிக் கணக்கைப் பெரிதும் மாற்றிவிடும்.

அடுத்தது, எதை எண்ணுகிறார்கள் என்பது. தாய்மொழி ஒரு கேள்வி. வீட்டில் வழமையாகப் பேசும் மொழிகள் எவை, அவற்றுள் அதிகம் பேசுவது எது என்பது இன்னொரு கேள்வி. தமிழைத் தாய்மொழியாக எழுதிவிட்டு, வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம் என்று எழுதும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய உண்டு. அதனால்தான் இரண்டு எண்ணும் ஒத்துப்போவதில்லை.

தாய்மொழி என்று படிவம் எதைக் கேட்கிறது என்பதைக் கவனியுங்கள்: குழந்தைப் பருவத்தில் வீட்டில் முதலில் கற்று, இன்றும் விளங்கிக்கொள்ளும் மொழி. பேச வராவிட்டாலும் விளங்கினால் போதும். பிள்ளை ஆங்கிலத்திலேயே பதில் சொன்னாலும், முதலில் கேட்டு வளர்ந்தது தமிழாகவும் இன்றும் தமிழ் விளங்குவதாகவும் இருந்தால், தாய்மொழி தமிழ். முதல் மொழி அறவே மறந்துபோயிருந்தால், இரண்டாவதாகக் கற்றதை எழுதவேண்டும். இரண்டு மொழிகளை ஒரே நேரத்தில் கற்றிருந்தால் இரண்டையும் எழுதலாம். இன்னும் பேசத் தொடங்காத கைக்குழந்தைக்கு, வீட்டில் குழந்தையுடன் அதிகம் பேசும் மொழியை எழுதுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. மொழியின் பெயரைக் கேட்ட இடத்தில் 'இந்தியன்', 'ஸ்ரீலங்கன்', 'சைனீஸ்' என்று நாட்டையோ இனத்தையோ எழுதிவிடுவார்கள். 'சைனீஸ்' என்று எழுதியவர் கன்ரனீஸ் பேசுபவரா மன்டரின் பேசுபவரா என்று எவருக்கும் தெரியாது. ஸ்பதைனா அவெனியூவின் பழைய சைனா ரவுனிலும் மார்க்கத்தின் புதிய கடைத்தொகுதிகளிலும் இந்த இரண்டு மொழிகளும் கேட்கும். இந்த ஒரு சொல்லால் அந்த வேறுபாடு கணக்கிலிருந்து அழிந்துபோகிறது. தமிழ் என்று எழுதினால் எவரும் பிடித்துவிடுவார்களோ என்று பயப்படுகிற மூத்தவர்களும் இருக்கிறார்கள். பெயருடன் கூடிய படிவங்கள் 92 ஆண்டுகளுக்கு வெளிவராது. குடிவரவுத் திணைக்களத்துக்கோ காவல்துறைக்கோ அவை போவதில்லை.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. வைத்தியசாலைக்குப் போகும்போது 12 வயது மகளைக் கூட்டிப்போகிறோம். அவள் இரண்டு மொழியும் நன்றாகப் பேசுவாள். அப்படிச் செய்யக்கூடாது என்று தாதி ஒருவர் சொன்னார். ஏன்?
– வாசகி, ஸ்காபரோ

தாதி சொன்னது சரி. உங்கள் மகளுக்கு வீட்டுத் தமிழும் பாடசாலை ஆங்கிலமும் தெரியும். சிறுநீரகம், கருப்பை, இரத்தக்கட்டி, மயக்கமருந்து ஆகியவை இரண்டிலும் அவளுக்குப் பழக்கமில்லாத சொற்கள். தெரியாத சொல் வந்தால் பிள்ளைகள் நிறுத்திக் கேட்பதில்லை, தெரிந்த ஒன்றை வைத்து நிரப்பிவிடுவார்கள். இதைவிட முக்கியமானது, அம்மம்மா தன் இரத்தப்போக்கைப் பேத்தியின் வாயால் சொல்லமாட்டார். வைத்தியர் கெட்ட செய்தி சொன்னால் பேத்தி அதை மெதுவாக்கித்தான் சொல்லுவாள். இருவரும் அன்பினால் செய்கிற இந்தக் காரியம் சிகிச்சையைக் கெடுத்துவிடும்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. ஒன்ராறியோவின் 1996ஆம் ஆண்டு மருத்துவச் சம்மதச் சட்டப்படி, நோயாளி விளங்கிக்கொண்டு கொடுப்பதுதான் சம்மதம். சிகிச்சை என்ன, பயன் என்ன, முக்கிய ஆபத்துகள், பக்கவிளைவுகள், வேறு வழிகள், செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்ற ஆறும் சொல்லப்பட வேண்டும். அம்மாவுக்கு விளங்காத ஒரு படிவத்தில் அவருடைய கையெழுத்து இருந்தால் அது சம்மதம் ஆகாது.

செய்ய வேண்டியது இதுதான். அப்பொயின்ட்மென்ட் கிடைத்த அன்றே தொலைபேசியில் அழைத்து, தமிழ் உரைபெயர்ப்பாளர் தேவை என்பதைக் கோப்பில் எழுதச் சொல்லுங்கள். ஆள் நேரில் வரவேண்டுமானால் ஒன்றிரண்டு கிழமை முன்பே சொல்வது நல்லது. அவசரப் பிரிவில் அந்த நேரம் கிடைக்காது. பெரிய வைத்தியசாலைகளில் தொலைபேசி வழியாகவோ திரை வழியாகவோ உரைபெயர்ப்பாளரை இணைப்பார்கள். தமிழ் என்று மட்டும் சொல்லாமல், இலங்கைத் தமிழ் என்று சேர்த்துச் சொல்லுங்கள். காரணம் கீழே வருகிறது. குடும்ப வைத்தியரின் சிறிய கிளினிக்கில் இந்த வசதி பெரும்பாலும் இராது. அங்கே வளர்ந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள்.

உரைபெயர்ப்பாளர் வந்த பிறகு, அம்மா வைத்தியரைப் பார்த்தே பேசட்டும். இரண்டு மூன்று வசனத்துக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும். நீளமாகச் சொன்னால் நடுவில் உள்ளது விழுந்துபோகும். முடிவில், வைத்தியர் சொன்னதை அம்மா தன் வாயால் திருப்பிச் சொல்ல, அது ஆங்கிலத்தில் வைத்தியருக்குப் போகட்டும். எந்த மாத்திரை, எத்தனை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பது சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இனி அந்தக் காரணம். யாழ்ப்பாணத்துத் தாய் ஒருவர் 'மூன்று மாதமாய் வருத்தம்' என்றால் நோய் என்று பொருள். தமிழ்நாட்டில் வளர்ந்த உரைபெயர்ப்பாளரின் காதில் அது மனக்கவலை. உடல்நோய்க்கு வந்தவரின் கோப்பில் மனச்சோர்வு என்று ஏறிவிடும். 'நோகுது' என்பதை அவர் ஊகித்துக்கொள்வார். 'சலத்தோடை இரத்தம் போகுது' என்பதைத் தவறவிடக் கூடும். நீரிழிவைச் 'சீனி வருத்தம்' என்றாலும் அதே கதை. அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: சலம் என்றால் சிறுநீர் என்றும் சேர்த்துச் சொல்லட்டும், வருத்தம் என்று நிறுத்தாமல் எந்த இடத்தில் என்ன செய்கிறது என்று சொல்லட்டும்.

மருந்துப் போத்தலின் லேபலிலும் இதே ஆபத்து உண்டு, இது தமிழருக்கு மட்டும் உரியதல்ல. ஆங்கிலத்தில் 'ஒன்ஸ்' (once) என்றால் ஒருமுறை. அதே நான்கு எழுத்துகள் ஸ்பானிய மொழியில் பதினொன்றைக் குறிக்கும். நாளுக்கு ஒன்று எடுக்க வேண்டிய மாத்திரையைப் பதினொன்றாக வாசிக்க ஒரு சொல் போதும் என்பதை மருந்தாளர்கள் நன்றாக அறிவார்கள். லேபலில் சொல்லுக்குப் பதில் இலக்கம் எழுதித் தரும்படி கேளுங்கள். கேட்டால் எழுதித் தருவார்கள்.

911க்கு அழைத்தால் தமிழில் பேசலாமா?
– வாசகர், நோர்த் யோர்க்

பேசலாம். முதல் மூன்று சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் பழகிக்கொள்ளுங்கள். பொலிஸ், ஃபயர், அம்புலன்ஸ் ஆகியவற்றுள் எது வேண்டும், நிற்கும் இடத்தின் முகவரி, பிறகு 'டமில்'. இதே வரிசையில் சொல்லுங்கள். கைத்தொலைபேசி இருக்கும் இடத்தை எப்போதும் துல்லியமாகக் காட்டாது, அதனால் தொடர்பு அறுந்தாலும் முகவரி போய்ச் சேர்ந்திருக்கும். உரைபெயர்ப்பாளர் இணையும்வரை கொஞ்ச நேரம் மௌனமாக இருக்கும். அந்த மௌனத்தில்தான் பலர் தொலைபேசியை வைத்துவிடுகிறார்கள். வைக்காதீர்கள். அவசரமில்லாத நகரசபை விடயங்களுக்கு 311, சமூக சேவைகளுக்கு 211. இவற்றிலும் மொழியின் பெயரைச் சொன்னால் போதும்.

தம்பியின் அகதி விசாரணை வருகிறது. கொடுத்த உரைபெயர்ப்பாளர் சென்னைக்காரர் என்றால் பிரச்சினை வருமா? விசாரணை நடக்கும்போது குறுக்கே பேசலாமா?
– வாசகி, ஏஜக்ஸ்

உரைபெயர்ப்பாளரின் ஊர் ஒரு குறையல்ல. தம்பியின் ஊர்ப்பேச்சு அவருக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி. இதற்கு விதியிலேயே இடம் இருக்கிறது. அகதிக் கோரிக்கையின் அடிப்படைப் படிவத்தில் மொழியை மட்டுமல்ல, பேச்சுவழக்கையும் குறிப்பிடவேண்டும். 'தமிழ்' என்று மட்டும் எழுதியிருந்தால், விசாரணைக்கு 10 நாட்களுக்கு முன்பாகவே எழுத்தில் அறிவித்து மாற்றிக்கொள்ளலாம். வழக்கறிஞர் மூலம் அனுப்புவது நல்லது. அந்தக் கெடு தாண்டிவிட்டால் மாற்றம் கிடைக்கும் என்று உறுதியில்லை.

எந்தச் சொற்களில் கவனம் வேண்டும் என்று கேட்டால், முதலில் வருவது 'கிழமை'. 'ரெண்டு கிழமைக்குப் பிறகு விட்டவை' என்றால் ஈழத்தில் பதினான்கு நாள். தமிழ்நாட்டில் கிழமை என்றால் திங்கள், செவ்வாய் என்கிற நாள். ஆங்கிலத்தில் 'இரண்டு நாள்' என்று போய்விட்டால், படிவத்தில் உள்ள 14 நாளுடன் முரண்படும். விசாரணையில் நம்பகத்தன்மையைக் குலைப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட சின்ன முரண்பாடுதான். 'கிழமை' வேண்டாம், 'பதினான்கு நாள்' என்று தம்பி சொல்லட்டும். 'பின்னேரம்', 'விடியப்புறம்' ஆகியவற்றுக்கும் மணியைச் சொல்லிவிடுவது பாதுகாப்பு.

உறவுமுறைச் சொற்கள் இதைவிடப் பெரிய வலை. பெரியப்பாவின் மகனை அண்ணா என்று கூப்பிடுவோம். 'அண்ணாவைப் பிடிச்சுக்கொண்டு போனவை' என்றால் உரைபெயர்ப்பாளர் 'பிரதர்' என்பார். அவர் செய்தது தவறில்லை. ஆனால் குடும்ப விபரப் படிவத்தில் தம்பிக்கு ஒரு அக்கா மட்டும்தான் இருப்பாள். அந்த இடத்தில், விசாரணையை நடத்தும் சபை உறுப்பினர் நிமிர்ந்து பார்ப்பார். மாமா, சித்தப்பா, பெரியப்பா மூவரும் ஆங்கிலத்தில் ஒரே 'அங்கிள்' ஆகிவிடுவார்கள் என்பதும் அப்படித்தான். விசாரணையில் எவரைப் பற்றிச் சொன்னாலும் முதல் தடவை முழு உறவையும் சொல்லவேண்டும்: 'அப்பாவின் அண்ணனுடைய மகன், நான் அண்ணா என்று கூப்பிடுவேன்.' அதோடு அவருடைய பெயரையும் சொல்லிவிட்டால், அதன் பிறகு பெயரே போதும்.

'இயக்கம்' என்றால் எந்த அமைப்பு என்று பெயரைச் சொல்லவேண்டும். தமிழ்நாட்டில் அது சினிமா நெறியாள்கையாகவும் இருக்கலாம். 'கதைச்சவை' என்பது பேசினார்கள் என்பதுதான், கதை கட்டினார்கள் அல்ல. 'செல் அடிச்சவை' என்பதையும் 'எனக்கு அடிச்சவை' என்பதையும் ஒரே வினைச்சொல்லாக ஆங்கிலத்தில் போட முடியாது. எறிகணை வீச்சா, கையால் தாக்கினார்களா என்று பிரித்துச் சொல்லட்டும்.

குறுக்கே பேசலாமா? பேசத்தான் வேண்டும், அதுவும் அந்த நேரத்திலேயே. கனடாவின் உரிமைகள் சாசனத்தின் 14ஆம் பிரிவு உரைபெயர்ப்பாளருக்கான உரிமையைத் தருகிறது. அந்த உரைபெயர்ப்பு எப்படி இருக்கவேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 1994இல் ட்ரான் வழக்கில் வரையறுத்தது: இடைவெளியின்றி, துல்லியமாக, பக்கச்சார்பின்றி, தகுதியுள்ளவரால், உடனுக்குடன். அது ஒரு குற்றவியல் வழக்கு. அந்த அளவுகோல் அகதி விசாரணைக்கும் பொருந்தும் என்று 2001இல் மொகமதியான் வழக்கில் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதே தீர்ப்பு இன்னொன்றையும் சொல்லிற்று: பிழை தெரிந்த முதல் சந்தர்ப்பத்திலேயே முறையிட வேண்டும், பேசாமல் இருந்துவிட்டுத் தோற்ற பிறகு சொன்னால் எடுபடாது. அந்த வழக்கின் கோரிக்கையாளர் குர்திஷ் மொழிக்காரர். பேச்சுவழக்குச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல.

குறுக்கிடும்போது சண்டை பிடிக்கத் தேவையில்லை. 'உரைபெயர்ப்பில் பிழை இருக்கிறது, நான் சொன்னது பதினான்கு நாள்' என்று உறுப்பினரிடம் சொன்னால் ஒலிப்பதிவில் ஏறிவிடும். தம்பிக்கு ஆங்கிலம் கொஞ்சம் விளங்கினாலும் தமிழிலேயே பேசட்டும். பாதி ஆங்கிலம், பாதி தமிழ் என்று மாறி மாறிப் பேசினால் எது உரைபெயர்ப்பு, எது அவருடைய சொல் என்று பின்னால் பிரிக்க முடியாது.

யாழ்ப்பாணத்தில் எடுத்த பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்த்து நோட்டரி முத்திரையும் வைத்து அனுப்பினோம். குடிவரவுத் திணைக்களம் திருப்பி அனுப்பிவிட்டது. ஏன்?
– வாசகர், பிராம்ப்டன்

காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும்.

மொழிபெயர்த்தவர் உறவினரா? பெற்றோர், பாதுகாவலர், சகோதரர், துணைவர், பிள்ளை, பாட்டன் பாட்டி, மாமா மாமி, மருமக்கள், ஒன்றுவிட்ட சகோதரர்வரை எவரும் செய்யக்கூடாது. அவர் வழக்கறிஞராகவோ மொழிபெயர்ப்பாளராகவோ இருந்தாலும் இதே விதிதான்.

நோட்டரி எதற்கு முத்திரை வைத்தார்? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நோட்டரிக்குத் தமிழ் தெரியாது, மொழிபெயர்ப்பு சரி என்று அவர் சொல்வதுமில்லை. சான்றுபெற்ற மொழிபெயர்ப்பாளர் செய்தால் அவருடைய முத்திரையோ உறுப்புரிமை இலக்கமோ போதும். ஒன்ராறியோவில் அந்தப் பட்டத்தை வழங்குவது 1920இல் தொடங்கிய மொழிபெயர்ப்பாளர், உரைபெயர்ப்பாளர் சங்கம். 1989ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பட்டத்துக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. சான்று பெறாதவர் செய்திருந்தால், தனக்கு இரண்டு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு சரியானது என்று மொழிபெயர்த்தவரே சத்தியக்கடதாசி முடிக்கவேண்டும். விண்ணப்பதாரியான நீங்கள் முடித்த சத்தியக்கடதாசி செல்லாது.

முத்திரைகளைப் பார்த்தீர்களா? ஆங்கிலமோ பிரெஞ்சோ அல்லாத முத்திரைகளும் மொழிபெயர்க்கப்பட வேண்டும். இலங்கைச் சான்றிதழில் உடல் தமிழிலும், அச்சிட்ட தலைப்புகளோ பதிவாளரின் வட்ட முத்திரையோ சிங்களத்திலும் இருக்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் அதை விட்டுவிட்டிருப்பார். ஒப்படைக்கும் முன் தாளின் பின்பக்கத்தையும் புரட்டிப் பார்த்து, எத்தனை மொழி இருக்கிறது என்று எண்ணுங்கள். சிங்களம் இருந்தால் அந்தப் பகுதிக்கு அந்த மொழி தெரிந்தவர் வேண்டும்.

பெயரின் எழுத்துக்கூட்டலும் காரணமாகலாம். தமிழில் ஒரே பெயர்தான். ஆங்கிலத்தில் கடவுச்சீட்டில் ஒருவிதமாகவும் மொழிபெயர்ப்பில் இன்னொரு விதமாகவும் வந்தால் இருவர் போலத் தோன்றும். கடவுச்சீட்டின் பிரதியைச் சான்றிதழோடு சேர்த்துக் கொடுத்து, அதில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். திகதியும் அப்படித்தான். 02/03/2004 என்பது மார்ச் இரண்டா பெப்ரவரி மூன்றா? மாதத்தைச் சொல்லில் எழுதுவதே நல்லது.

அனுப்பும் கட்டில் மூன்றும் இருக்கவேண்டும்: மூலத்தின் உறுதிப்படுத்திய பிரதி, மொழிபெயர்ப்பு, தேவையானால் சத்தியக்கடதாசி.

எங்கள் பகுதிப் பாடசாலையில் தமிழ் வகுப்பு இல்லை. தொடங்கச் சொல்லிக் கேட்க முடியுமா?
– வாசகி, மல்வேர்ன்

முடியும். இப்போது சர்வதேச மொழிகள் என்று அழைக்கப்படும் வகுப்புகளை ஒன்ராறியோ 1977இல் மரபு மொழி என்ற பெயரில் தொடங்கியது. ஒரு கல்விச்சபையின் 25 ஆரம்பப் பாடசாலை மாணவருடைய பெற்றோர் ஒரு மொழிக்கு எழுத்தில் கோரிக்கை விடுத்தால், சபை வகுப்பு நடத்தவேண்டும். கிழமைக்கு இரண்டரை மணிக்கு மேற்படாது. சனிக்கிழமையாகவோ பாடசாலை விட்ட பிறகாகவோ வைப்பார்கள்.

கோரிக்கை தோற்பது பெரும்பாலும் எண்ணிக்கையில். 25 பேரும் ஒரே சபையின் மாணவராக இருக்கவேண்டும். பொதுச்சபைப் பாடசாலையில் 15 பேர், கத்தோலிக்கச் சபையில் 10 பேர் என்றால் இரண்டு சபைகளும் மறுத்துவிடலாம். கையெழுத்துப் போட்டவர்களில் சிலர் பதிவுக்கு வருவதில்லை என்பதும் உண்மை. 25 தேவையென்றால் 35 பேரிடம் வாங்குங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பாடசாலை, வகுப்பு, தொலைபேசி எண் எழுதி, பிரதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள். ஐந்து வயதுப் பிள்ளையும் பதின்மூன்று வயதுப் பிள்ளையும் ஒரே அறையில் அமர்ந்தால் பெரியவர்கள் இரண்டு மாதத்தில் வராமல் விடுவார்கள். ஆகவே வயதுவாரியாகப் பட்டியல் இட்டு, இரண்டு பிரிவு வேண்டும் என்று கோரிக்கையிலேயே எழுதுங்கள்.

உயர்நிலைப் பாடசாலையில் தமிழைக் கிரெடிட் பாடமாகவே எடுக்கலாம். 110 மணிநேரம் ஒரு கிரெடிட், டிப்ளோமாவுக்கு வேண்டிய 30 கிரெடிட்டுகளில் ஒன்று. ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு 'இது கணக்கில் சேரும்' என்று தெரிந்தாலே தமிழ் வகுப்பின் மேல் உள்ள முகச்சுளிப்புக் குறைந்துவிடும்.

சாரதி அனுமதிப்பத்திரப் பரீட்சையைத் தமிழில் எழுதலாமா?
– வாசகர், ஸ்காபரோ

ஜி1 எழுத்துப் பரீட்சையைத் தமிழில் எழுதலாம். விதிகள் 20, குறியீடுகள் 20, ஒவ்வொன்றிலும் குறைந்தது 16 சரியாக வேண்டும். ஒன்றில் 20, மற்றதில் 15 எடுத்தால் தோல்விதான். வீதிப் பரீட்சையில் பரிசோதகர் தமிழ் பேசமாட்டார். அதனால் 'புல் ஓவர்', 'சேஞ்ச் லேன்ஸ்', 'பேரலல் பார்க்', 'த்ரீ பொயின்ட் ரேர்ன்' போன்ற கட்டளைகளைப் பயிற்சியின்போதே ஆங்கிலத்தில் கேட்டுப் பழகுங்கள். தமிழில் மட்டும் பழகியவர் கட்டளை விளங்காமல் அரைச் செக்கன் தயங்குவார், அந்தத் தயக்கம் வண்டியில் தெரியும்.

மகன் 'வல்லாஹி', 'மான்டெம்', 'ஆலீ' என்றெல்லாம் பேசுகிறான். இது எந்த மொழி? தமிழையும் ஆங்கிலத்தையும் கெடுக்கிறானோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகர், ரெக்ஸ்டேல்

இந்தப் பேச்சு இந்த நகரத்தில் உருவானது. மொழியியலாளர் இதைப் பல்பண்பாட்டு ரொறன்ரோ ஆங்கிலம் என்கிறார்கள். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் மிசிசாகா வளாகத்தில் டெரெக் டெனிஸ் இதை ஆராய்ந்துவருகிறார். அடித்தளம் ஜமேக்காவின் பேச்சுமொழியான பட்வா. 1955இல் தொடங்கிய வீட்டுப்பணிப்பெண் திட்டமும், 1967இல் வந்த புள்ளிமுறைக் குடிவரவும் கரீபியத் தீவுகளிலிருந்து பெருந்தொகையானோரை இங்கே கொண்டுவந்தன. 'மான்டெம்' என்றால் நம்ம கூட்டாளிகள். 'ஆலீ' என்பது வசனத்தின் முடிவில் வரும் 'இல்லையா?'. 1980களின் இறுதியிலிருந்து சோமாலியக் குடும்பங்கள் வந்தபோது 'வல்லாஹி' சேர்ந்தது. இறைவன்மேல் ஆணை என்ற அரபுச் சொல் அது, சோமாலிப் பிள்ளைகளின் வாய்வழியாகப் பரவியது. இலண்டன் இளைஞர்களின் பேச்சிலும் இதே மாதிரிச் சொற்கள் கேட்பதற்குக் காரணம், அங்கேயும் அடித்தளத்தில் ஜமேக்கர்கள் இருப்பதுதான்.

மகன் இதை ஆசிரியரிடம் பேசுகிறானா என்று பாருங்கள். பேசமாட்டான். இடமறிந்து மாற்றத் தெரிந்த பிள்ளைக்கு மொழி கெடவில்லை. தமிழ் மெலிவதற்கு இது காரணமல்ல. வீட்டில் தமிழ் பேசும் ஆள் ஒருவர் மட்டும் இருந்து, அவரும் 'சாப்பிடு, படி, படு' என்ற மூன்று கட்டளைகளோடு நிறுத்திக்கொள்வதால்தான் அது மெலிகிறது. நீங்கள் கேட்டதற்கு நேர்மையான பதில் அதுதான். அவனுடைய புதிய சொற்களுக்கு அவனிடமே பொருள் கேளுங்கள், தமிழில் விளக்கச் சொல்லுங்கள். அரைமணி நேரத் தமிழ் உரையாடல் அதிலேயே கிடைக்கும்.

ரொறன்ரோ என்பது எந்த மொழிச் சொல்?
– வாசகி, எற்றோபிக்கோ

மோஹாக் மொழியின் 'ற்கரொன்ரோ'. நீரில் மரங்கள் நிற்கும் இடம் என்று பொருள். முதலில் குறித்தது இந்த நகரத்தையல்ல. வடக்கே சிம்கோ ஏரியும் கூச்சிசிங் ஏரியும் சேரும் இடுக்கில், மீன் பிடிக்க நட்டுவைத்த மரக்கழிகளை. உங்கள் எற்றோபிக்கோவும் ஆதிக்குடிச் சொல்தான், அனிஷினாபே மொழியில் ஆல்டர் மரங்கள் வளரும் இடம். ஆங்கிலத்தில் இறுதியில் 'கே' எழுதினாலும் அதை உச்சரிப்பதில்லை. ஸ்பதைனா, மேட்டு நிலம் என்று பொருள்படும் 'இஷ்பதினா'விலிருந்து வந்தது. வீதியை ஸ்பதைனா என்பார்கள், அதே பெயருள்ள அருங்காட்சியக வீட்டை ஸ்பதீனா என்பார்கள். டேவன்போர்ட் வீதியில் 2016 முதல் 'கெற்றே ஒனிகமிங்' என்ற பெயரும் பலகையில் இருக்கிறது. பழைய தோணிச்சுமைப் பாதை என்று பொருள். அந்த வீதி நேராகப் போகாமல் வளைந்து போவதற்கு அந்தப் பழைய நடைபாதைதான் காரணம்.

நூலகக் கணினியில் தமிழ்ப் புத்தகம் தேடினால் ஒன்றும் கிடைப்பதில்லை. அலுமாரியில் போய்ப் பார்த்தால் இருக்கிறது. எப்படித் தேடுவது?
– வாசகர், ஸ்காபரோ

நீங்கள் பேசுகிறபடி ஆங்கிலத்தில் எழுதித் தேடியிருப்பீர்கள். நூலகங்கள் ஒலியைப் பார்ப்பதில்லை, எழுத்துக்கு எழுத்து மாற்றும் ஒரு கட்டான முறையில் தலைப்பைப் பதிவு செய்கின்றன. அந்த முறையில் 'ச' எப்போதும் சி என்ற ஆங்கில எழுத்து, எஸ் அல்ல. 'க' எப்போதும் கே, ஜி வராது. 'ப'வுக்கு பி-போய் இல்லை, பி-பேப்பர் மட்டும். 'த', 'ட' இரண்டும் டி-ரைகர், எச் சேர்க்கக்கூடாது. ல, ள, ழ மூன்றுக்கும் எல். 'இசட் எச்' வேண்டாம். ர, ற இரண்டுக்கும் ஆர். ந, ன, ண மூன்றுக்கும் என். மேலும் கீழும் வரும் கோடு, புள்ளிகளைப் பெரும்பாலான தேடுபொறிகள் கண்டுகொள்வதில்லை.

சிறுகதை என்று தேட சி, ஐ, ஆர், யு, கே, ஏ, டி, ஏ, ஐ என்று அடியுங்கள். சமையல் என்றால் சி, ஏ, எம், ஏ, ஐ, ஒய், ஏ, எல். யாழ்ப்பாணத்துக்கு ஒய், ஏ, எல், பி, பி, ஏ, என், ஏ, எம். தலைப்பில் அந்த ஊர் இப்படித்தான் இருக்கும். ஆனால் பொருள் தலைப்பு ஆங்கிலத்தில் இருப்பதால், அங்கே ஜஃப்னா என்ற ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடவேண்டும். சிறுகதைத் தொகுப்புகளைப் பொருள் தலைப்பில் தேடினால் 'ஷோர்ட் ஸ்டோரீஸ், டமில்' என்று அடித்தால் மொத்தமாக வரும்.

புகழ்பெற்ற எழுத்தாளர் பெயர்கள் மட்டும் இதற்கு விலக்கு. ஆங்கிலத்தில் ஏற்கெனவே நிலைத்துவிட்ட எழுத்துக்கூட்டலை அப்படியே வைத்திருப்பார்கள். ஆசிரியர் பெயரில் கிடைக்காவிட்டால் தலைப்பின் இரண்டாவது சொல்லை மட்டும் போட்டு, மொழி என்ற இடத்தில் தமிழைத் தெரிவுசெய்து பாருங்கள். புதிய பதிவுகள் சிலவற்றில் தமிழ் எழுத்தும் சேர்ந்திருக்கும். கைத்தொலைபேசியில் தமிழ் விசைப்பலகை இருந்தால் ஒருமுறை தமிழிலும் அடித்துப் பார்க்கலாம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால், ரொறன்ரோப் பொது நூலகத்தின் தொலைபேசிக் கதைச் சேவையில் தமிழையும் தெரிவுசெய்யலாம். அழைத்துக் காதில் வைத்தால் கதை தொடங்கிவிடும்.